நடுவில் விட்ட இடம்

வெள்ளையடித்த சுவரில் அந்தக் கறுப்பு மறுபடியும் வந்திருந்தது. ஷெட்டின் பின்சுவரில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகப் படிந்த புகைக்கரி. பிந்துஜா முந்தின நாள்தான் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காயவைத்து, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தாள். குனிந்து தொட்டாள். விரல் நுனியில் மை மாதிரி ஒட்டியது. மோந்து பார்த்தாள். ஏற்றத்தில் திணறும் பழைய பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மூக்கில் ஏறுமே, அந்த நாற்றம்.

"இந்த மனுஷனெ என்ன செய்ய" என்று பல்லைக் கடித்தாள்.

புருஷன் தீபு பைக்கை உள்ளே கொண்டுவந்து, சைலன்சரைச் சுவருக்கு நேராக நிறுத்தி, வேண்டுமென்றே முறுக்கியிருக்கிறான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஷெட் யாருக்கு என்கிற சண்டை குடிவந்த அன்றே தொடங்கிவிட்டது.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் தையல் கடை வைத்திருந்தாள். கட்டடக்காரர் மகனுக்கு அங்கே மொபைல் கடை போட ஆசை வந்ததும், கடையை ஒழித்துத் தா என்றார். கெஞ்சினாள், சண்டை போட்டாள், கடைசியில் மெஷின்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் கொடுத்தாக வேண்டிய யூனிபாரம் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதனால்தான் இந்த வீடு. செங்கல் ஊருக்குப் போகும் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கி, ரப்பர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வீடு பார்க்க வந்தபோது அவள் அடுக்களையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பின்பக்கம் தனியாக நின்ற கார் ஷெட்டைத்தான் பார்த்தாள். நல்ல சிமெண்டுத் தரை, இழுத்து மூடும் ஷட்டர், தகரக் கூரை. முன்பு இருந்தவர்கள் யார், ஏன் போனார்கள் என்று புரோக்கர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஷெட்டைப் பார்த்ததுமே கட்டிங் மேசையை எங்கே போடுவது என்று மனதுக்குள் அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

தீபு பூவாரில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவன். அவன் அதே ஷெட்டைப் பார்த்துவிட்டு வேறு கணக்குப் போட்டான். லோன் போட்டு ஒரு கார் எடுத்தால், ரிசார்ட்டுக்கு வருகிறவர்களைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் போய் ஏற்றி வரலாம்.

சாயங்காலம் அவன் வந்து பைக்கை நிறுத்தியதும் பிந்துஜா முற்றத்தில் இறங்கி நின்றாள்.

"பைக்கெ ஷெட்டுக்குள்ளெ வச்சு முறுக்காதீங்கன்னு எத்தற தடவெ சொன்னேன் சேட்டா?"

"நான் எப்ப வச்சேன்? பைக்கு இந்தா முற்றத்துலெ அல்லியா நிக்குது. எனக்கு அங்கெ எந்தரு வேல?"

"பின்னெ கரி எங்கேந்து வந்துது? சொவரு பீடி குடிக்குதோ?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளை எரித்தது. உள்ளே போய் அவனுக்குச் சோறு போட்டு, தட்டை மேசையில் டங்கென்று வைத்தாள்.

மறுநாள் முழுக்க ஷெட்டை ஒழுங்குபடுத்தினாள். கட்டிங் மேசையை நட்டநடுவில் போட்டாள். அதற்கு இருபுறமும் தையல் மெஷின்கள். இரும்பு ராக்கைச் சுவரோரம் நிறுத்தி, நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினாள். கத்தரிகளுக்குச் சுவரில் ஆணி அடித்தாள். வேலை முடிந்து ஷட்டரைப் பிடித்தபடி நின்று பார்த்தபோது, வீடு மாறியதற்குப் பிறகு முதல்முறையாக நெஞ்சு லேசானது. பாறசாலைப் பக்கமிருந்து ரயில் போகிற சத்தம் கேட்டது. ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

காலையில் திறந்தபோது எல்லாம் சுவரோரம் கிடந்தன. மேசை இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. மெஷின்கள் வலப்பக்கம், ஒன்றன் பின் ஒன்றாக. துணி மூட்டைகள் அவற்றின் மேல் ஏறியிருந்தன. ஒன்றும் உடையவில்லை, ஒரு நூல்கண்டுகூட உருளவில்லை. நடுவில் நீளவாக்கில் ஒரு வெற்றிடம். பெருக்கிவிட்ட மாதிரி சுத்தமாக, ஒரு கார் நிற்கிற அளவுக்கு.

தீபு விடிகாலையிலேயே பூவாருக்குப் போய்விட்டிருந்தான். போனில் கூப்பிட்டாள். பின்னால் படகு எஞ்சின் இரைந்தது.

"எனக்க சாதனத்தெ தொடாதீங்கன்னு சொன்னேன்லா? நடுவிலெ எடம் விட்டு வச்சிருக்கியளே, எங்கெ ஒங்க காரு?"

"பிந்து, நான் தொடல்லெ. சத்தியமா தொடல்லெ."

"கள்ளச்சத்தியம் செய்யாதே!" என்று வைத்தாள். அவனை நீ என்று பேசிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. வருத்தம் வரவில்லை. மேசையைத் தனியாளாகத் தரதரவென்று இழுத்து நடுவில் கொண்டுவந்தாள். உதியன்குளங்கரைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி, சாவிகளைத் தன் கழுத்துச் செயினிலேயே கோத்துக்கொண்டாள்.

மறுநாளும் மேசை சுவரோரம் நின்றது. கரி முன்பைவிட அகலமாக இருந்தது.

சாவி கழுத்தில்தான் கிடந்தது. நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் சில்லென்று பட்டது. ஷட்டரை உயர்த்தி நெம்பியிருப்பான், அல்லது கடைக்காரனிடம் மூன்றாவது சாவி வாங்கியிருப்பான். எப்படி என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. கோபப்பட்டுக்கொண்டிருக்கும்வரை வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

அன்று லிஜி வேலைக்கு வந்தாள். கடையிலிருந்தே கூட இருப்பவள், காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இருவருமாக மேசையை மறுபடி நடுவுக்கு இழுக்கலாம் என்றதற்கு லிஜி, "இன்னிக்கு இப்பிடியே இருக்கட்டு சேச்சி" என்றாள். மெஷின்கள் கிடந்த இடத்திலேயே உட்கார்ந்து தைத்தார்கள். நடுவெற்றிடம் அவர்களுக்கு முதுகுப்பக்கம் இருந்தது. வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம். தகரக் கூரை சூட்டில் டிக் டிக்கென்று வெடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் உலர்கிற ரப்பர் ஷீட்டின் புளிச்ச வாடையோடு வேறொரு வாடையும் கலந்து கலந்து வந்தது. மல்லிகைப்பூ, குழந்தைப் பவுடர், பெட்ரோல். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் புறப்பட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தவர்களிடமிருந்து வருகிற வாடை. பிந்துஜா மூக்கைச் சுளித்தாள், தையலை நிறுத்தவில்லை.

லிஜி சட்டென்று மெஷினை நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"சேச்சி, தலெ பொளக்குது. ஓங்கரிக்க வருது. பின்னாலெ யாரோ வண்டி ஸ்டார்ட் செஞ்சு போட்ட மாதிரி, முதுகுலெ சூடு அடிக்குது."

"மேலெ தகரமாக்கும். சூடு இருக்கும்தான். போய் மோரு குடி."

லிஜி எழுந்து வெளியே போனாள். போகிறபோது நடுவில் குறுக்கே நடக்கவில்லை. மெஷின்களுக்கும் வெற்றிடத்துக்கும் இடையே ஒடுங்கிக்கொண்டு, புடவைத் தலைப்பை ஏதோ ஒன்றில் உரசாமல் கையால் பிடித்தபடி, ஓரமாகவே போய், முன்னால் வந்ததும்தான் திரும்பினாள். பிந்துஜா அதைப் பார்த்துச் சிரிக்கப்போனாள். சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் தானும் அப்படித்தான் நடக்கிறோம் என்பது அப்போது தெரிந்தது. கத்தரி எடுக்க, நூல் எடுக்க, விளக்குப் போட. ஒருமுறைகூட நடுவே கடந்ததில்லை. உடம்பு தானாகவே சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

லிஜி அன்று திரும்பி உள்ளே வரவில்லை. துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமாகப் போனாள்.

சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுச் செல்லையன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். ரப்பர் பால்வெட்டு வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறவர். அவரும் கோபமாகத்தான் இருந்தார்.

"மோளே, வண்டி எடுத்தது சந்தோசமாக்கும். ஆனா விடியாம்பறெ ஸ்டார்ட் செஞ்சு இத்தற நேரம் போடணுமா? எனக்க பெண்டாட்டிக்கு இழுப்பு உண்டு. பொகெ மொத்தம் எங்க மேலெயாக்கும் வருது."

"எந்த வண்டி மாமா? எங்களுக்கு ஏது வண்டி?"

"பின்னெ உள்ளெ நின்னு இரையுதது எந்தரு?" என்றார். அவள் முகத்தைப் பார்த்தபின் குரல் இறங்கியது. "ஷட்டரெ தொறந்து வச்சிட்டாவது போடச் சொல்லு மக்களே. மூடிப் போட்டுட்டு..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

பிந்துஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. தீபு ரகசியமாகக் கார் எடுத்திருக்கிறான். அல்லது யாருடைய காரையோ கொண்டுவந்து ராத்திரி நிறுத்துகிறான். அவள் சாமான்களைத் தள்ளிவிட்டு நிறுத்தி, விடியும் முன் எடுத்துப் போய்விடுகிறான். இவ்வளவு திருட்டுத்தனம்! அவன் வந்து ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடவில்லை.

"யாருக்க வண்டியெ கொண்டு விடுதே? சொல்லு. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது, அப்பிடித்தானே?"

தீபு கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

"நான் அந்த ஷெட்டுக்குள்ளெ போறதே இல்லெ பிந்து. வந்த புதுசுலெ ஒருக்கா ஏணி எடுக்கப் போனேன். பின்னாலெ ஒரு கொச்சுப் பிள்ளெ இருமிச்சு. திரும்பிப் பாத்தா ஒண்ணும் இல்லெ. ஒனக்கு பயம் தட்டும்னு சொல்லல்லெ. கார் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சாதனத்தெ வெளியெ எடு. அதெ பூட்டிப் போடுவோம். நான் வேறெ எடம் பாத்துத் தாறேன்."

வேறெ இடம். கட்டடக்காரரும் அதைத்தான் சொன்னார். வேறெ இடம் பாருங்க. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தெல்லாம் யாராவது ஒருவர் எழுப்பிவிடுகிறார்கள். இப்போது இவன், இருமலையும் பேயையும் சொல்லி.

"ஒழிய மாட்டேன்" என்றாள். "இது எனக்க எடம். எனக்க மெஷினு அங்கெதான் ஓடும். நீ வேணும்னா வேறெ எடம் பாத்துக்கோ."

அடுத்த நாள் மத்தியானம் பெயின்ட் கடையிலிருந்து ஸ்ப்ரே மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தாள். வெள்ளைப் பெயின்ட். சுண்ணாம்பு நிற்கவில்லையென்றால் பெயின்ட் நிற்கும். ஒரு சுவர் பாக்கியில்லாமல் அடித்து, மேசையை நடுவில் போட்டு, அதன் காலைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்துவிடுவதென்று முடிவு. சுவரோரச் சாமான்கள் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தினாள். அவற்றை நகர்த்தாததால் நடப்பதற்கு நடுவெற்றிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது. ஒரு கணம் தயங்கினாள். தயங்கியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு நேராகக் குறுக்கே நடந்தாள். முழங்கால்களில் சூடு பட்டது, அடுப்புக்குப் பக்கத்தில் போனது போல. பிறகு வயிற்றில். பிறகு ஒன்றுமில்லை. பின்சுவருக்கு வந்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. எடவப்பாதிப் பருவமழைக்கு முன்வரும் மழை, தகரத்தில் கல்லைக் கொட்டுவதுபோல. அந்த நேரத்தில்தான் தீபு நனைந்துகொண்டு வந்து ஷட்டருக்கு வெளியே நின்றான். மழையால் படகுகளை நிறுத்திவிட்டார்கள்.

"வெளியெ வா பிந்து. செல்லையன் மாமன் எல்லாம் சொன்னாரு. நீ மொதல்லெ வெளியெ வா, சொல்லுதேன்."

"எனக்கு ஒரு கதையும் கேக்கண்டாம்!"

"பிந்து, சொன்னா கேளு. இங்கெ முன்னெ இருந்த ஆளு பெண்டாட்டி பிள்ளைங்களெ வண்டிலெ இருத்தி..."

மறுபடி நடுவைக் கடந்து முன்னால் போய், அவன் முகத்துக்கு நேரே ஷட்டரை இழுத்து இறக்கி, உள்தாழ்ப்பாளைப் போட்டாள். இந்தத் தடவை சூடு முன்னைவிடக் கனமாக, ஈரமாக இருந்தது. அவள் கவனிக்க மறுத்தாள். திரும்பிப் பின்சுவருக்கு வந்து ஸ்ப்ரே மெஷினை ஓடவிட்டாள். கோபம் கைக்கு நல்ல வலு கொடுத்தது. கரியின் மேல் அடித்தாள். வட்டத்தின் விளிம்பு மறைந்தது, நடு மறைந்தது, மறுபடி அடித்தாள், சுவரே வழியும்வரை அடித்தாள். கட்டடக்காரர் மேல் அடித்தாள், தீபு மேல் அடித்தாள். வெள்ளைப் புகை மாதிரித் துகள் எழுந்து ட்யூப்லைட்டைச் சுற்றிக்கொண்டு ஷெட் முழுக்கப் பரவியது. தொண்டை கரித்தது. போதுமென்று மெஷினை நிறுத்தினாள்.

இரைச்சல் நிற்கவில்லை.

விசையைத் தட்டிப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கையில் வயர் தொங்கியது. இரைச்சல் அவளுக்குப் பின்னால் இருந்தது. தாழ்ந்த, சீரான, பொறுமையான இரைச்சல். ஆடுசதையில் சூடாகக் காற்று அடித்தது. விட்டு விட்டு அடித்தது. அவளுடைய கால்களுக்கு இடையே, இப்போதுதான் அடித்த வெள்ளைப் பெயின்டில், கறுப்பு ஊறிக்கொண்டு வந்தது.

திரும்பினாள்.

பெயின்ட் துகள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகள் மேல் இறங்கியது, மெஷின்கள் மேல் இறங்கியது. நடுவில் மட்டும் தரைவரை வரவில்லை. இடுப்பு உயரத்தில் நின்றது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வெள்ளை வளைவு. அதற்கு மேல் சரிவாக ஒரு தளம். அதற்கும் மேலே, அவள் மார்பு உயரத்துக்கு, ஒரு கூரை. துகள் விழ விழ ஓரங்கள் கூர்மையாயின. கைப்பிடி. கதவின் கோடு. சன்னல்.

கார்.

அதன் பின்பக்கம் அவள் முழங்காலைத் தொடுகிற தூரத்தில் இருந்தது. ஒருபக்கம் மேசை. மறுபக்கம் மெஷின்கள். ஷட்டர் அந்தப் பக்கம். போக வழி இல்லை.

வெளியே தீபு ஷட்டரை இரண்டு கையாலும் அறைந்தான்.

"பிந்து! உள்ளெ யாருக்க வண்டி ஓடுது? பிந்து!"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். புகைதான் உள்ளே போனது. கோபத்தைத் தேடினாள். இத்தனை நாளும் கூடவே இருந்த கோபம். இல்லை. அது இருந்த இடத்தில் பயம் மட்டும் இருந்தது, முதல் நாளிலிருந்தே அங்கே இருந்ததுபோல.

பின்சீட்டு சன்னல் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளையாகப் பெயின்ட் படிந்த கண்ணாடி. அது அசைந்தது. கீழே இறங்கியது. யாரோ உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்குவதுபோல, நின்று, நின்று. மேல்விளிம்பில் விரல்கள் வந்து பற்றின. விரல்கள் தெரியவில்லை. ஈரப் பெயின்டில் அவை பதிந்த தடம் தெரிந்தது. பிறகு பெயின்ட் ஒட்டிக்கொண்டு விரல்களே தெரிந்தன. நகம். மோதிரம் போட்ட ஒரு விரல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. சின்னக் கை.

ஒரு குழந்தை இருமியது.

கதவு திறந்தது. மேசையின் காலில் முட்டி நின்றது. அவள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு.

உள்ளே ஒன்றுமில்லை. சுவரும் மூட்டைகளும்தான் தெரிந்தன. மல்லிகையும் பவுடரும் குப்பென்று வந்தன. அந்த ஒன்றுமில்லாத இடத்தில், உட்காரும் உயரத்தில், வெள்ளையாக ஒரு உள்ளங்கைத் தடம் விழுந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. கொஞ்சம் தள்ளிச் சின்னத் தடம். அவர்கள் கையை ஊன்றி ஊன்றி, ஒருவர் பின் ஒருவராக, அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

தீபு கத்திக்கொண்டே இருந்தான். தகரத்தில் மழை. எஞ்சின்.

மோதிரம் போட்ட அந்த வெள்ளைக் கை, இந்தப் பக்கம் காலியான இடத்தை மெதுவாகத் தட்டியது. ஒருமுறை நிறுத்திவிட்டு, மறுபடி தட்டியது.